வளைவு வருது

நவம்பர் 4, செவ்வாய்

ஏலக்காய் ஸ்டோர் முதலாளி வருடா வருடம் எங்களுக்கு ஆளுக்கொரு டைரி கொடுப்பார். முதல் பக்கத்தில் பரமசிவன் படம் இருக்கும். நான் அதில் கோலம் வரைந்து பார்ப்பதோடு சரி. இன்றுதான் முதல் தடவையாக எழுத்து எழுதுகிறேன், அதுவும் மதுரை டாக்டரம்மா சொன்னதால். வாந்தி எப்போது வருகிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தினமும் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

மருந்தே இன்னும் ஆரம்பிக்கவில்லையே, அதற்குள் வாந்தி எப்படி வரும் என்று கேட்டேன். மனசுதான் காரணம், நிறையப் பேருக்கு இப்படி வருவதுதான் என்றார்கள். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். மனசுக்கு ஏது குடல்? சரி, படித்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இடது மார்பில் ஒரு கட்டி. ஊசி விட்டு எடுத்துப் பார்த்து, போன வியாழக்கிழமை முடிவு சொன்னார்கள். நல்ல கட்டி இல்லையாம். பதினாலாம் தேதி வந்து சேர்ந்துவிட வேண்டும், ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் நல்லது, தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். என் வீட்டுக்காரர் மச்சக்காளை பக்கத்திலேயே இருந்தார். ஜீப் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தலைக்கு மேலே போர்டில் அந்த நோயின் பெயரைக் கையளவு எழுத்தில் போட்டிருந்தார்கள். அவர்கள் எழுதினால் போதும், நான் இதில் எழுத மாட்டேன். சாமி படம் போட்ட டைரி.

காலையில் இட்லி. வாந்தி. காரணம்: சாம்பாரில் பெருங்காயம் ஜாஸ்தி.

நவம்பர் 5, புதன்

வாந்தி. காரணம்: பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

வேலைக்குப் போனேன். மலையிலிருந்து வரும் காயைத் தரையில் குவித்து, சுற்றி உட்கார்ந்து, வெடித்ததையும் கறுத்ததையும் பொறுக்கித் தனியே போடுவது எங்கள் வேலை. பச்சைக்குள் பச்சையைத் தேட வேண்டும். சாயங்காலம் நாங்கள் தெருவில் நடந்தால், திரும்பிப் பார்க்காமலே, ஏலக்காய் ஸ்டோர் விட்டாச்சு என்று சொல்லிவிடுவார்கள்.

இத்தனை வருடமாக எனக்கு அந்த வாசனையே தெரிந்ததில்லை. இன்று உள்ளே நுழைந்ததும் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மலையைக் காணோம், மேகம் அடிவாரம் வரைக்கும் இறங்கிவிட்டது. வெளியே வெள்ளை, உள்ளே பச்சை. குவியலையே பார்த்துக்கொண்டிருந்தால் அது மெல்ல ஏறி இறங்கியது, தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி. என் கையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவது போல இருந்தது.

பக்கத்தில் இருந்த சுருளியக்கா, ரெண்டு ஏலக்காயை வாயில் போட்டு மெல்லு, குமட்டல் நின்றுவிடும் என்றது. ஊர் உலகத்துக்கெல்லாம் குமட்டலுக்கு மருந்து அனுப்புகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் பின்பக்கம் ஓடிப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு காதோடு, "மக காலேஜுக்குப் போறா, நீ தொட்டில் கட்டப் போறியாக்கும்" என்றது. நாற்பத்து மூன்று வயதில்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, மத்தியானம் முந்தானையில் நெல்லிக்காய் முடிந்துகொண்டு வந்தது. உப்பைத் தொட்டுத் தின்றேன். அது மட்டும் உள்ளே நின்றது.

கொஞ்ச நாளைக்கு அக்கா அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மகள் நிவேதா வயிற்றில் இருந்தபோதும் இதே குமட்டல்தான். அன்றைக்கு நான் வாந்தி எடுத்தால் வீடே சிரித்தது.

காரணம்: புது லோடு சரியாகக் காயவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மத்தியானம் கண்ணசந்தபோது ஒரு கனவு. எங்கள் ஜீப் மலையேறிக்கொண்டிருக்கிறது. அவர் போடியிலிருந்து போடிமெட்டுக்கு அப்பால் மலையில் உள்ள எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற டிரைவர். விடியுமுன் ஏற்றிப் போனால் சாயங்காலம்தான் இறக்கிக்கொண்டு வருவார். கனவில் நான் பின்பக்கப் பலகையில் இருக்கிறேன். ரோட்டைக் காணோம், மேகம்தான். எட்டிப் பார்த்தால் டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. ஸ்டீரிங் மட்டும் பழகிய கை திருப்புவது போல மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. எங்கே போகிறது என்று கேட்க நினைத்தேன். கேட்க யாரும் இல்லை. மேகத்துக்குள் எங்கேயோ ஏலக்காய்ச் செடி ஒன்று மரம் அளவுக்கு வளர்ந்து நின்றது.

முழித்ததும் வாந்தி. காரணம்: பகல் தூக்கம்.

நவம்பர் 11, செவ்வாய்

ஜீப் ரிப்பேராம். அவர் வீட்டில் இருக்கிறார். ரசம் வைத்துக் கொடுத்தார், புளி தூக்கல். நல்லா இருக்கு என்று சொல்லிக் குடித்தேன். அரை மணி நேரம் நின்றது.

நவம்பர் 13, வியாழன்

ஜீப் இன்னும் ரிப்பேர்தானாம். துணிமணி எடுத்து வைத்தேன். நாளைக்கு மதுரை.

நவம்பர் 14, வெள்ளி

மதுரைக்குப் போகவில்லை. போனோம், போய்ச் சேரவில்லை.

பஸ்ஸில் தேனி வரைக்கும் ஒன்றும் இல்லை. ஆண்டிபட்டி தாண்டிக் கணவாய் ஏறும்போது அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலில் தலையை நீட்டி எடுத்தேன். நின்றதும் மறுபடியும். எடுக்க ஒன்றும் இல்லாதபோதும் வந்தது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தார். நான் இறங்கணும், இறங்கணும் என்று என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். பொத்தான் ஒன்று பிய்ந்து என் கையில் இருந்தது. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

கண்டக்டர் விசிலடித்து இறக்கிவிட்டார். ரோட்டோரம் ஒரு புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தோம். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் காற்றாலைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒன்று சுற்றுகிறது, ஒன்று நிற்கிறது, இன்னொன்று யோசித்து யோசித்துச் சுற்றுகிறது. சத்தமே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு அடங்கியது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியவில்லை, வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வந்துவிட்டது. அவர் எதிர்ப்பக்கம் வந்த போடி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

காரணம்: பஸ் டிரைவர் சரியில்லை. பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டினார்.

நவம்பர் 15, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எனக்குக் காய்ச்சல் என்று அவர் சொன்னார். இருபத்து நாலாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் தள்ளினால் கட்டி சும்மா இருக்காது என்று டாக்டரம்மாவே போனில் சொன்னார்களாம். அவர் அதை என்னிடம் சொல்லும்போது சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. தெருவில் ஆம்பளைகள் எல்லாம் கறுப்பு வேட்டி. இவர் வருடம் தவறாமல் மாலை போடுகிறவர். இந்த வருடம் போடவில்லை. கேட்டால் முட்டி வலியாம். முட்டி வலிக்கிற மனுசன் காலையில் கிணற்றடியிலிருந்து எனக்கு நான்கு குடம் தூக்கிக்கொண்டு வந்தார்.

வாந்தி. காரணம்: ஊதுபத்தி.

நவம்பர் 18, செவ்வாய்

வேலைக்குப் போகத் தெம்பில்லை. ரிப்பேர் பார்க்கப் போனவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் போனேன். ஜீப்பா, அதுக்கென்ன, குதிரை மாதிரி இருக்கே என்றான் மெக்கானிக். அப்புறம் எதையோ புரிந்துகொண்டு ஸ்பானரைத் தேட ஆரம்பித்துவிட்டான். ஜீப் காளியம்மன் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றது. இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வண்டி ஓடவில்லை, கை மட்டும் ஸ்டீரிங்கில் இருந்தது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. சோற்றைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

என்னை நாளெல்லாம் தனியே விட்டு மலையேற மனசில்லாமல்தான் ஜீப்பை நிறுத்தியிருக்கிறார். நானும் பதினோராம் தேதியிலிருந்து ரிப்பேர் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மட்டும் தெரியாதா என்ன. அவர் கையில் ஒரு சொட்டு ஆயில் கறை கிடையாது.

நவம்பர் 20, வியாழன்

காலையில் அவர், "கொடி, கெளம்பு. மேட்டுக்குப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார். ஜெயக்கொடி என்ற என் பேரைக் கொடியாக்கியது அவர்தான். ஜீப் ரெடியாகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டது என்றார். இரண்டு பேரும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டோம்.

போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் கணவாய் தாண்ட முடியாதவளை மலை மேல் கூட்டிப் போகிறாரே, மனுசனுக்கு மூளை குழம்பிவிட்டதா என்றுதான் நினைத்தேன். மடியில் பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டேன். அவர் என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார். முந்தல் தாண்டி ஏற ஆரம்பித்ததும், "வளைவு வருது ஆத்தா. வலது கைப்பக்கம். சின்னது" என்றார். வந்தது, போனது. "வளைவு வருது. இடது. இது பெருசு, கம்பியப் பிடிச்சுக்க." பிடித்துக்கொண்டேன்.

எனக்குச் சட்டென்று நினைவு வந்துவிட்டது. பத்தொன்பது வயதில் முதல் முதலாக ஏலக்காய்ப் பழம் பறிக்க எஸ்டேட்டுக்குப் போனபோது நான் இதே ஜீப்பின் பின்பக்கம்தான் இருந்தேன், முதல் வளைவிலேயே வாந்தி. முகம் தெரியாத டிரைவர் ஒருத்தர் முன்னாலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் சத்தம் கொடுத்தார். கூட வந்த பொம்பளைகள், இத்தனை வருசமா வர்றோம், எங்களுக்கெல்லாம் வளைவே இல்லையாப்பா என்று கிண்டல் பண்ணினார்கள். அந்த வருடமே எங்கள் கல்யாணம்.

இன்று மேகத்துக்குள் போனபோது பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. மஞ்சள் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தோம். எதிரே வரும் வண்டி கிட்டே வரும்வரை வெறும் வெளிச்சமாக இருந்தது, பிறகு வண்டியானது, பிறகு மறுபடி வெளிச்சமாகிப் போனது. அவர் குரல் மட்டும் நிற்கவில்லை. மேட்டில் இறங்கியபோது மடியில் பை காலியாக இருந்தது. நான்தான் அதை முதலில் கவனித்தேன், அவர் கவனிக்காத மாதிரி இருந்தார்.

பால் விடாத கட்டன் டீ குடித்தோம். உள்ளே நின்றது. உங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை வருசத்தில் ஒரு நாள்கூடக் குமட்டியதில்லை என்று கேட்டேன். "ஓட்டுறவனுக்கு வராதுத்தா. அடுத்து என்ன வருதுன்னு அவனுக்குத் தெரியும்ல. பின்னாடி உக்காந்து ஒண்ணும் தெரியாமக் குலுங்குறவங்களுக்குத்தான் வரும்." அதைச் சொல்லிவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாலாம் தேதி ஒண்ணும் சொல்லாம ஒன்னையப் பின் சீட்டுல தள்ளிக் கூட்டிட்டுப் போயிட்டேன்" என்றார்.

நான் எழுந்து பள்ளத்தின் ஓரம் வரை நடந்து போனேன். கீழே போடி இருக்கிறது, தெரியவில்லை. எனக்குக் கேன்சர் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். மேகம் வாங்கிக்கொண்டது. அப்புறம் அழுதேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

இன்று வாந்தி இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

ஸ்டோருக்குப் போய் சுருளியக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அக்கா குவியலுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு, "அப்ப நெல்லிக்காய் வேண்டாமா" என்று கேட்டது. வேண்டும் என்றேன்.

நவம்பர் 22, சனி

கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து நிவேதா வந்திருக்கிறாள். அவளிடமும் சொல்லியாச்சு. அழுதாள். பிறகு, கேஸ் ட்ரபுள் என்று போனில் ஏன் பொய் சொன்னாய் என்று சண்டை போட்டாள். சண்டை போட்டுவிட்டு என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

வாந்தி, ஒரு தடவை. காரணம் எழுதவில்லை.

நவம்பர் 24, திங்கள்

ஜீப்பிலேயே மதுரை வந்தோம். நிவேதா பின்னால், நான் முன்னால். தேனி வருது, ரயில்வே கேட் வருது, கணவாய் வருது என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் புளியமரத்தைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். காற்றாலைகள் இன்றைக்கும் யோசித்து யோசித்துத்தான் சுற்றின.

டாக்டரம்மா இந்த டைரியைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். கருவாட்டைப் படிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார்கள், சிரித்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று. இவர் ஒரு காலை முன்னால் வைத்து நின்றுகொண்டு கேட்டார். "டாக்டரம்மா, இதுல எத்தன வளைவு இருக்குன்னு வரிசையாச் சொல்லிருங்க. பெருசு எது, சின்னது எது. நான் பக்கத்துல இருந்து இவளுக்குச் சொல்லிக்கிறேன்."

அவர்கள் முதலில் புரியாமல் பார்த்தார்கள். நிவேதா விளக்கிச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களையும் உட்காரச் சொன்னார்கள். ஒரு தாளில் வளைந்து வளைந்து மேலே போகிற கோடு போட்டார்கள். ஆபரேஷன். அதற்குப் பிறகு பக்கத்தில் ஒரு குழாய் தொங்கும், பயப்பட வேண்டாம். தையல். எடுத்த கட்டியைச் சோதித்து ரிப்போர்ட். அதைப் பார்த்துத்தான் மருந்து, அதில் முடி கொட்டும். முடி என்றதும் தொண்டை வரைக்கும் வந்தது. இவர் மெதுவாக, "இது பெருசு, பிடிச்சுக்க" என்றார். மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். தானாக இறங்கிப் போய்விட்டது.

கடைசி வளைவுக்கு அப்பால் என்ன என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது என்றார்கள் டாக்டரம்மா. இவர் தலையை ஆட்டினார். மேகம் இருந்தால் எங்களுக்கும் அப்படித்தாம்மா என்றார்.

நாளை மறுநாள் ஆபரேஷன்.

நவம்பர் 28, வெள்ளி

இடது பக்கம் முழுக்கக் கட்டு. வலது கை சும்மாதான் இருக்கிறது, எழுதலாம் என்றார்கள்.

புதன்கிழமை காலை என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். தியேட்டர் வாசலோடு அவர் நிற்க வேண்டும் என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. இனிமேல் யார் சொல்வார்கள்? கதவு மூடியது. மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. குமட்டல் கிளம்பியது. அப்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் என் தலைக்குப் பின்னாலிருந்து, "வளைவு வருதும்மா. இடது கைப்பக்கம். சின்னதுதான்" என்றார். வண்டி இடதுபக்கம் திரும்பியது.

உள்ளே ஒரு நர்ஸ், இப்ப கையில ஊசி, சுருக்குன்னு இருக்கும், சின்ன வளைவு என்றாள். மயக்க டாக்டர் குனிந்து, இது பெரிய வளைவு, கண்ணை மூடிக்கங்க, அந்தப் பக்கம் நாங்க இருப்போம் என்றார். முதல் நாள் சாயங்காலமே இவர் ஒவ்வொருத்தராகத் தேடிப் போய்ச் சொல்லி வைத்திருக்கிறார். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. மேகம் வந்துவிட்டது. வெள்ளையாக இருந்தது, ஏலக்காய் மணத்தது, நல்ல மணம்.

டிசம்பர் 1, திங்கள்

நிவேதா இன்றைக்குத்தான் சொன்னாள். என்னை உள்ளே கொண்டுபோன பிறகு அவர் மூடிய கதவுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். மணி ஆக ஆக முகம் வெளுத்து, கடைசியில் வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தாராம். ஒரு தடவை இல்லையாம். அன்றிலிருந்து இன்று வரைக்கும் இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லையாம். ஆயுசுக்கும் குமட்டல் தெரியாத மனுசன்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். கேண்டீன் டீ சரியில்லை, பால் திரிந்துவிட்டது என்றார்.

அந்தக் கருவாட்டை நான் சும்மா பழி சொல்லியிருக்கிறேன். பெருங்காயத்தையும், ஊதுபத்தியையும், அந்த பஸ் டிரைவரையும்தான். அதனால் இன்றைக்கு ஒழுங்காக எழுதுகிறேன். வாந்தி: அவருக்கு. காரணம்: பயம். எனக்கும் அதுதான்.

நாளைக்கு ரிப்போர்ட் வருகிறது. கட்டி எதுவரைக்கும் போயிருக்கிறது என்று அதில்தான் தெரியும். அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம், என் முதுகுக்குப் பின்னால், முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி முன்னால் வாங்க என்று கூப்பிட்டேன். முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"மாமா, வளைவு வருது" என்றேன். "நாளைக்குக் காலையில. பெருசுதான். என்னையப் பிடிச்சுக்கங்க."

அவர் கையை நீட்டி, கட்டு இல்லாத பக்கத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார்.